ஃபேக்டோரியோவில் நீண்ட ரயில் பாதை: தண்டவாளம் போடுவதல்ல, கொண்டுபோய்ச் சேர்ப்பதே வேலை

வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் நாலு பேர் சேர்ந்து ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டை ஆடினால், ஒரு கட்டத்தில் பேச்சு ரயிலுக்கு வந்துவிடும். "கையாலேயே போட்டுடு மச்சி, பத்து நிமிஷ வேலை" என்பார் ஒருவர். "ரோபோபோர்ட்டை வரிசையா நட்டுட்டா அதுவே போட்டுக்கும்" என்பார் இன்னொருவர். "புளூபிரிண்ட் இருந்தா போதும்" என்பது மூன்றாமவர் தீர்ப்பு. மூன்றுமே ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தப்பு. எந்தத் தூரத்துக்கு எது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் புதியவர்களின் பாதை மூன்றாவது கிலோமீட்டரில் நின்றுபோகிறது.

இங்கே தரும் எண்கள் எல்லாம் 2.0 பதிப்பின் கூடுதல் மாற்றங்கள் இல்லாத சாதாரண ஆட்டத்துக்கானவை. விளையாட்டின் தரை சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தின் பக்கம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலின் வேகத்தையும் விளையாட்டு அப்படித்தான் கணக்கிடுகிறது.

சாரம் கட்டுகிறவரைப் பாருங்கள்

நான்கு மாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர், சவுக்குக் கட்டைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுவதில்லை. கீழ்த்தட்டைக் கட்டி, அதன்மேல் நின்று, கீழே இருப்பவர் நீட்டும் கட்டையை வாங்கி அடுத்த தட்டைக் கட்டுகிறார். கட்டி முடித்த பகுதிதான் அடுத்த கட்டை மேலே வரும் வழி. கட்டுகிற கை எவ்வளவு வேகமாக இருந்தாலும், கீழிருந்து கட்டை வரவில்லை என்றால் சும்மா நிற்க வேண்டியதுதான்.

நீண்ட ரயில் பாதையும் அதே கதை. போட்டு முடித்த பாதையின் கடைசி நுனியைப் பாதைமுனை என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேவைப்படுவதை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, பின்னால் போட்ட பாதையே வழி. நம் ஊர்ப் பாதையும் இப்படித்தான் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் பாதை கட்டங்கட்டமாக மேற்கே நீண்டு மலபார்க் கரையைத் தொட்டது.

முதலில் கணக்கு: 10 கிலோமீட்டருக்கு என்ன ஆகும்?

ஒரு நேர்த் தண்டவாளம் 2 கட்டம் நீளம். ஆக, ஒரு கிலோமீட்டர் ஒற்றைப் பாதைக்கு 500 தண்டவாளம். காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஏறக்குறைய 10 கி.மீ. அதே தூரத்தை விளையாட்டில் போட 5000 தண்டவாளம் வேண்டும்; இரட்டைப் பாதை என்றால் 10,000.

ஒரு கல், ஒரு ஸ்டீல், ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தால் 2 தண்டவாளம் கிடைக்கும். 5000 தண்டவாளத்துக்கு மூன்றிலும் 2500 வீதம். ஒரு ஸ்டீலுக்கு 5 இரும்புத் தகடு, ஒரு தகட்டுக்கு 2 கம்பி. மொத்தம் 12,500 + 1250 = 13,750 இரும்புத் தகடு, அதோடு 2500 கல்.

பெரிய தொகை என்று தோன்றும். பொருளைச் சுமந்து நகரும் பட்டையான பெல்ட்டோடு ஒப்பிட்டால் தோன்றாது. அதே 10 கிலோமீட்டருக்கு மஞ்சள் பெல்ட் போட்டால், ஒரு பெல்ட்டுக்கு ஒன்றரைத் தகடு வீதம் 15,000 தகடு போகும். அந்தப் பெல்ட்டில் முதல் தாது வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். பெல்ட் முழுக்க நிரம்பினால் 80,000 தாது வழியிலேயே கிடக்கும். நிலக்கரியில் ஓடும் ரயிலின் உச்ச வேகமோ மணிக்கு 259 கி.மீ.; இந்தத் தூரத்தை இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக் கடந்துவிடும். "ரயில் செலவு ஜாஸ்தி" என்ற பேச்சு குறைந்த தூரத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

தண்டவாளம் செய்யும் இடத்தைத் தனியாக அமைத்துவிடுங்கள். மற்றத் தொழிற்சாலையின் மிச்ச ஸ்டீலை நம்பினால் பாதை எப்போதும் பாதியிலேயே நிற்கும். அசெம்பிளர் 2 என்ற தயாரிப்பு இயந்திரம் ஒன்று நொடிக்கு 3 தண்டவாளம் செய்யும். அதற்கு நொடிக்கு ஒன்றரை ஸ்டீல் வேண்டும். ஒரு ஸ்டீலுக்குக் கல் உலை 16 நொடி எடுப்பதால், 24 கல் உலைகள் அதற்குக் கச்சிதமாகச் சரியாகும். அந்த 24 உலைக்கும் சேர்த்து மஞ்சள் பெல்ட்டின் ஒரு பக்க வரிசைத் தகடு போதும். இந்தச் சின்ன ஏற்பாடே 5000 தண்டவாளத்தை 28 நிமிடத்தில் கொடுத்துவிடும். கல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கல் வயல் பெரும்பாலும் சின்னதாக இருக்கும், உலைக்கும் சுவருக்கும் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

சுருக்கமாக: கிலோமீட்டருக்கு 500 தண்டவாளம், ஓர் அசெம்பிளர் 2, 24 கல் உலை. கையிருப்பு சேர்ந்த பிறகு கிளம்புங்கள்.

கையால் போடுவது எதுவரை?

தண்டவாளத்தைக் கையில் எடுத்து, போட்ட பாதையின் நுனியில் தெரியும் அம்புக்குறியைச் சொடுக்கினால் ரயில் பிளானர் திறக்கும். சுட்டியை நகர்த்தும் திசையில் அடுத்தடுத்த தண்டவாளங்களைத் தானே அமைத்துக் காட்டும் வசதி அது. சாதாரண நிலையில் பிளானர் மரம், பாறை, குன்றுச் சரிவு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகும். காட்டுக்குள் இப்படிப் போட்ட பாதை ஏலகிரி மலைப்பாதை மாதிரி வளைந்து கிடக்கும். ரயில் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் பிறகு பக்கத்தில் இரண்டாவது பாதை போட நினைக்கும்போது ஒவ்வொரு வளைவும் பழிவாங்கும்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு போட்டால் தண்டவாளத்துக்குப் பதிலாகக் கோஸ்ட் விழும். "இங்கே இது வர வேண்டும்" என்று குறித்துவைத்த வெளிறிய உருவத்துக்குக் கோஸ்ட் என்று பெயர். அது இன்னும் பொருள் ஆகவில்லை. இந்த நிலையில் வழியிலுள்ள மரங்களும் பாறைகளும் வெட்ட வேண்டியவையாகக் குறிக்கப்பட்டு, பாதை நேராகப் போகும். வெட்டவும் போடவும் கட்டுமான ரோபோ வேண்டும்.

ரோபோ வருவதற்கு முன்பு, அரைக் கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குக் கையால் போடுவதே நல்லது. அதற்கு மேல் போனால் விரல்தான் வலிக்கும்.

ரோபோ எப்படி வேலை செய்கிறது? குழப்பம் இங்கேதான்

கட்டுமான ரோபோ ஒரு கோஸ்டை உண்மையான பொருளாக மாற்ற மூன்று வேண்டும். கோஸ்ட் எல்லைக்குள் இருக்க வேண்டும். பொருள் ரோபோ இருக்கும் அதே வலையமைப்பில் இருக்க வேண்டும். சும்மா நிற்கும் ரோபோ இருக்க வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் கோஸ்ட் கோஸ்டாகவே கிடக்கும்.

ரோபோபோர்ட் என்பது ரோபோக்கள் தங்கி மின்னேற்றிக்கொள்ளும் நிலையம். அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஆரஞ்சு எல்லை, அதாவது பொருள் எல்லை, 50×50 கட்டம். பச்சை எல்லை, அதாவது கட்டுமான எல்லை, 110×110 கட்டம். இரண்டு ரோபோபோர்ட்டுகள் ஒரே வலையமைப்பாகச் சேர ஆரஞ்சு எல்லைகள் தொட வேண்டும். பச்சை தொட்டால் போதும் என்று நினைத்து 110 கட்டத்துக்கு ஒன்று வீதம் நடுகிறவர்கள் ஏராளம். வரைபடத்தில் இடைவெளியே இல்லாமல் பச்சையாகத் தெரியும். ரோபோ மட்டும் வராது. ஒவ்வொரு ரோபோபோர்ட்டும் தனித்தீவாக நிற்கிறது, அங்கே பொருளும் இல்லை, ரோபோவும் இல்லை.

சரி, 50 கட்டத்துக்கு ஒன்று வீதமே நடலாம் என்றால்? 10 கிலோமீட்டருக்கு 200 ரோபோபோர்ட். ஒன்றுக்கு 45 ஸ்டீல், 45 பல்சக்கரம், 45 சிவப்புச் சர்க்யூட். ஸ்டீல் மட்டும் 9000. பாதைக்கே 2500தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். சும்மா நிற்கவே ஒவ்வொன்றும் 50 கிலோவாட் உறிஞ்சும், 200-க்கு 10 மெகாவாட். இத்தனையும் செய்து முடித்தாலும் ஆராய்ச்சி ஏதும் செய்யாத கட்டுமான ரோபோவின் வேகம் மணிக்கு 13 கி.மீ. ஐந்து கிலோமீட்டர் பறக்க 23 நிமிடம், நடுவில் மின்னேற்ற நிற்கும் நேரம் தனி. அதுவும் ஒரு தண்டவாளத்தைக் கொண்டுவர!

தொழிற்சாலைக்குள் ரோபோபோர்ட் வரிசை அருமையான ஏற்பாடு. நீண்ட பாதைக்கு அது வேண்டவே வேண்டாம்.

உடன் வரும் ரோபோபோர்ட்

நீண்ட பாதைக்கு ஏற்றது, கவசத்துக்குள் பொருத்திக்கொள்ளும் பெர்சனல் ரோபோபோர்ட். ரோபோவும் பொருளும் உங்கள் இன்வென்டரியிலிருந்தே, அதாவது நீங்கள் சுமந்து செல்லும் பையிலிருந்தே, கிளம்பும். அதாவது கிடங்கு உங்களுடனே நடந்து வருகிறது, பறக்கும் தூரம் பத்துப் பதினைந்து கட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் வகை ஒன்று 10 ரோபோவை 30×30 கட்டத்துக்குள் இயக்கும். இரண்டாம் வகை 25 ரோபோ, 40×40.

இதிலும் ஒரு வில்லங்கம். நீங்கள் மணிக்கு 32 கி.மீ. ஓடுகிறீர்கள், ரோபோ 13 கி.மீ. கோஸ்டைப் போட்டுக்கொண்டே நிற்காமல் ஓடினால் ரோபோக்கள் பின்தங்கி, உங்களைத் துரத்திப் பிடிப்பதிலேயே மின்சாரத்தைத் தீர்த்து, வழியில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஓட்டத்தைக் கூட்டும் எக்ஸோஸ்கெலிட்டன் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 30 கட்டம் நடந்து, நின்று, ரோபோக்கள் திரும்பியதும் அடுத்த 30 கட்டம் போவதே முறை. ரோபோ வேக ஆராய்ச்சியை இரண்டு மூன்று நிலை முடித்துவிட்டால் இந்த நிறுத்தம் குறையும். கவசத்தில் மின்சாரம் போதாவிட்டால் திரும்பிய ரோபோ மறுபடி கிளம்பாது. சூரியத் தகடுகளை மட்டும் நம்பினால் இரவில் வேலை படுத்துவிடும். கவசத்தில் பேட்டரியும் வையுங்கள்.

புளூபிரிண்ட்: 64 கட்டத் துண்டு

புளூபிரிண்ட் என்பது ஒருமுறை கட்டியதைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் மொத்தமாகக் கோஸ்டாகப் பதிக்கும் அச்சு. நீண்ட பாதைக்கு ஒரே ஒரு நேர்த்துண்டு முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். அதன் நீளம் 64 கட்டமாக இருக்கட்டும்.

காரணம் இருக்கிறது. பெரிய மின்கம்பத்தின் கம்பி 32 கட்டம் எட்டும். 64-இல் இரண்டு கம்பம் மிச்சமில்லாமல் பொருந்தும். எஞ்சினும் பெட்டியும் இடைவெளியோடு சேர்ந்து தலைக்கு 7 கட்டம். இரண்டு எஞ்சின், நான்கு பெட்டி, பின்னால் இரண்டு எஞ்சின் கொண்ட ரயில் 55 கட்டம் நீளம். அது 64-க்குள் அடங்கிவிடும். இரட்டைப் பாதைத் துண்டுக்கு 64 தண்டவாளம், 2 பெரிய கம்பம், பக்கத்துக்கு ஒன்றாக 2 சிக்னல். இரு பாதைக்கும் நடுவே 2 கட்டம் விட்டால் கம்பம் அங்கே சரியாக உட்காரும்.

கம்பம் தூரத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோகத்தான். தண்டவாளத்துக்கோ சிக்னலுக்கோ மின்சாரம் வேண்டாம். சுரங்கத்தில் மின்சாரத்தை அங்கேயே தயாரிக்கிறீர்கள் என்றால் கம்பத்தை விட்டுவிடலாம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய புளூபிரிண்டுகளை எடுக்கும்போது கவனம். 2.0-இல் வளைவுகளின் வடிவமே மாறிவிட்டது. 1.1 காலத்து வளைவுகள் பழைய வகையாகத்தான் வரும். புதிய வளைவுகளோடு அச்சுக்கு அச்சு பொருந்தாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: நேர்த்துண்டு புளூபிரிண்ட், உடன் வரும் ரோபோபோர்ட், நின்று நின்று நடப்பது. ஓரிரு கிலோமீட்டருக்கு இதுவே போதும். அதற்கு மேல் இன்வென்டரி காலியாகும், அப்போது சாரத்தின் பாடம் வேலைக்கு வரும்.

கட்டுமான ரயில்

போட்டு முடித்த பாதையிலேயே ஒரு ரயில் பொருளோடு பாதைமுனைக்கு வரட்டும். இறங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, பாதையை நீட்டுங்கள். தீர்ந்ததும் ரயிலைக் கூப்பிடுங்கள்.

ஒரு சரக்குப் பெட்டியில் 40 அறைகள். தண்டவாளம் அறைக்கு 100. சிக்னலும் பெரிய கம்பமும் 50. 30 அறையில் தண்டவாளம் வைத்தால் 3000, அது 3 கிலோமீட்டர் இரட்டைப் பாதை. அதே தூரத்துக்குக் கம்பம் 94, சிக்னலும் 94 ஆகும். இரண்டிரண்டு அறையில் நூறு நூறாக வைத்தால் கணக்கு ஒத்துப்போகும். மீதி 6 அறையில் குன்று வெடி, நீரை நிரப்பும் மண், எஞ்சினுக்கு எரிபொருள், தாக்க வரும் பூச்சிகளின் தொல்லை உள்ள பக்கம் என்றால் துப்பாக்கிக் கோபுரமும் குண்டும். நிரப்பு மண் ஒன்றுக்கு 50 கல் வேண்டும். பாலாற்றைப் போல அகலமான நீர் குறுக்கே வந்தால், நேராக நிரப்பாமல் குறுகலான இடம் தேடிச் சுற்றுவதே கல்லுக்கு நல்லது. 2024 அக்டோபர் 21-இல் வந்த ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கம் வைத்திருப்பவர்கள் உயர்த்திய பாதை போட்டு மேலேயே கடந்துவிடலாம்.

அறைகளுக்குக் கட்டாயம் ஃபில்டர் போடுங்கள். அறையின்மேல் சுட்டியின் நடுப் பொத்தானை அழுத்தினால் இந்த அறைக்கு இந்தப் பொருள்தான் என்று குறிக்கலாம். ஃபில்டர் இல்லாத பெட்டியில் சரக்கேற்றும் இயந்திரக் கைகள் முதலில் கிடைப்பதைக்கொண்டே 40 அறையையும் நிரப்பிவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே 2000 சிக்னல் இருக்கும், தண்டவாளம் ஒன்றுகூட இருக்காது.

இந்த ரயிலுக்கு இரு முனையிலும் எஞ்சின் வேண்டும். தானியங்கி ரயில் எஞ்சின் பார்க்கும் திசையில் மட்டுமே ஓடும். பாதைமுனையில் திரும்பிக்கொள்ள வளையம் இருக்காது. இரட்டைப் பாதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வந்த பாதை ஒருவழி என்பதால் அதிலேயே திரும்ப முடியாது. பாதைமுனைக்குக் கொஞ்சம் முன்னால் இரு பாதையையும் இணைக்கும் மாற்றுப்பாதை ஒன்று வேண்டும். அதையும் ஒரு புளூபிரிண்டாக வைத்திருங்கள். கையால் ஓட்டித் திரும்பலாம்தான், ஆனால் கையால் ஓட்டும் ரயில் சிக்னலை மதிக்காது. எதிரே தானியங்கி ரயில் வருகிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ஆட்டத்தின் பிற்பகுதியில் ஸ்பைடர்ட்ரான் என்ற எட்டுக்கால் வண்டி கிடைக்கும். அதற்குள் பெர்சனல் ரோபோபோர்ட்டைப் பொருத்தி, 80 அறையிலும் பொருளை நிரப்பி, வரைபடத்திலிருந்தே அனுப்பலாம். குன்றையும் நீரையும் தாண்டி நடக்கும். அது வந்த பிறகு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

சிக்னல்: நீண்ட பாதைக்கு வேண்டிய அளவு

இரண்டு சிக்னல்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு பிளாக் என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். சிக்னலே இல்லாத 10 கிலோமீட்டர் ஒரே பிளாக். அதில் ஒரு ரயில் போய் முடியும்வரை அடுத்தது நிற்கும். 64 கட்டத்துக்கு ஒன்று இருந்தால் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

ரயில் தன் வலப்பக்கத்துச் சிக்னலை மட்டுமே பார்க்கும். இடப்பக்கம் மட்டும் சிக்னல் இருந்தால் அந்தத் திசையில் பாதை மூடியதாகவே பொருள். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியில் ரயில் பார்த்துப் பழகியவர்கள் விளையாட்டிலும் இடப்பக்க ஓட்டம் வைக்கத் துடிப்பார்கள். தாராளமாக வைக்கலாம். அப்படி வைத்தால் சிக்னல்கள் இரு பாதைக்கும் நடுவே வந்துவிடும், கம்பத்தோடு இடத்துக்குச் சண்டை போடும். 2 கட்டத்துக்குப் பதில் 4 கட்டம் இடைவெளி விடுங்கள். வலப்பக்க ஓட்டத்தில் சிக்னல் வெளியே நிற்கும், அந்தத் தொல்லை இல்லை.

சந்திப்புகளுக்குச் செயின் சிக்னல். தனக்கு அடுத்த சிக்னல் வழிவிட்டால்தான் இதுவும் வழிவிடும். சந்திப்புக்குள் நுழையும் இடத்தில் செயின், வெளியேறும் இடத்தில் சாதா சிக்னல். வெளியேறிய பின் வரும் பிளாக் உங்கள் மிக நீளமான ரயிலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வால் சந்திப்பிலேயே நின்று எல்லோரையும் மறிக்கும்.

செலவை மிச்சம் பிடிக்க ஒற்றைப் பாதை போடுகிறவர்கள், ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் இடம் அமைக்க வேண்டும். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் ஒற்றைப் பாதையில் கிராசிங்குக்காக நின்றிருக்கும் ரயிலில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்த இடத்தில் பாதையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு திசைக்கு மட்டும் விடுங்கள். அங்கிருந்து ஒற்றைப் பகுதிக்குள் நுழையும் வாயில் செயின் சிக்னல், ஒற்றைப் பகுதியிலிருந்து உள்ளே வரும் வாயில் சாதா சிக்னல். ஒற்றைப் பகுதியின் நடுவே எதுவும் வேண்டாம். நடுவே சிக்னல் நட்டால் இரு ரயிலும் பாதி பாதி உள்ளே வந்து மூக்கோடு மூக்கு நிற்கும்.

ரயில் "பாதை இல்லை" என்றால்

பாதை முடிந்ததும் சரக்கேற்றாமல் ஒரு ரயிலைத் தானியங்கி நிலையில் கடைசி நிலையத்துக்கு அனுப்பிப் பாருங்கள். பாதை இல்லை என்று காட்டினால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: எங்கோ ஒரு தண்டவாளம் இன்னும் கோஸ்டாகவே கிடக்கிறது, அல்லது ஒரு சிக்னல் தப்பான பக்கம் நிற்கிறது. முழு நீளமும் நடந்து தேட வேண்டாம். ரயிலின் வரைபடத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு பாதையின் நடுவில் ஓரிடத்தைச் சொடுக்கினால் அது தற்காலிக நிறுத்தமாகும். ரயில் கிளம்பினால் முன்பாதி சரி, பழுது பின்பாதியில். கிளம்பாவிட்டால் முன்பாதியில். பழுதுள்ள பாதியின் நடுவில் மறுபடி சொடுக்குங்கள். ஏழு முறை பாதியாக்கினால் 10 கிலோமீட்டர் 80 மீட்டருக்குள் சுருங்கிவிடும், அதை மட்டும் நடந்து பார்த்தால் போதும். இரட்டைப் பாதை என்றால் திரும்பும் பாதைக்கும் தனியாக இதே சோதனை வேண்டும். போகும் பாதை சரியாக இருப்பது அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.